நாவூறும் நீரில் மூளையை அளந்தவர்: இவான் பாவ்லவ்

புளியங்காய் என்று சொன்ன மாத்திரத்தில் நாவில் நீர் ஊறுவது நம் எல்லோர்க்கும் பழக்கமான செய்தியே. காய் கண்ணெதிரே இல்லை, கையும் நீளவில்லை, ஆயினும் வாய் ஆயத்தமாகிவிடுகிறது. இதனைக் கண்டு நகைத்துவிட்டு அப்பால் சென்றோர் கோடானுகோடிப் பேர். இந்த எளிய நிகழ்ச்சியையே விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு, ஊறிய நீரைத் துளித்துளியாக எண்ணி, அதன் வழியே மூளையின் தொழிலை அறியலாம் என்று முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர் ஒருவர் உண்டு. அவரே ரஷ்ய நாட்டு உடலியங்கியல் அறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லவ். கல்வியியலும் உளவியலும் பயில்வோர் அவர் பெயரையும் அவருடைய நாயையும் நன்கறிவர். ஆனால் தேர்வுக்குரிய பத்து வரிகளுக்கு அப்பால் அம்மனிதரை அறிந்தவர் மிகச் சிலரே. எனவேதான் தமிழ்த்துறை மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

உள்ளத்தை உடலின் குறிகொண்டு அறிதல் என்பது தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, நகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை நிரல்படுத்தினார். மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனாவும், காதல் நோயை மறைக்கும் ஒருவரது நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறி, எப்பெயரில் நாடி துள்ளுகிறது என்று பார்க்கும் முறையைத் தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். பாவ்லவ் இந்நெறியின் வழித்தோன்றல் என்று நாம் கூறவில்லை; அவர் இவற்றை அறிந்தார் என்பதற்கும் சான்றில்லை. ஆயினும் புறத்தே புலப்படும் குறியைக் கொண்டு அகத்தை அறியும் வேட்கை பழமையானது. அவ்வேட்கைக்கு எண்ணிக்கையும், மீண்டும் மீண்டும் செய்து சரிபார்க்கும் ஒழுங்கும் தந்தமையே பாவ்லவின் தனிச்சிறப்பு.

குருமடத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

பாவ்லவ் 1849 செப்டம்பர் 26 அன்று மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு திருச்சபையின் குருவானவர். குடும்பத்தின் மூத்த பிள்ளை அவரே. பின்பிறந்தோருள் பலர் இளமையிலேயே இறந்தனர். சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்து பலத்த அடிபட்டமையால் பதினோராம் அகவையில்தான் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தந்தையைப் போலவே குருவாகும் பொருட்டு ரியாசான் குருமடத்தில் சேர்க்கப்பட்டார்.

1860களில் ரஷ்யாவில் அறிவியல் ஆர்வம் ஓர் அலைபோல் எழுந்தது. இவான் சேச்சனவ் என்னும் அறிஞர் 1863இல் மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதனின் எண்ணமும் விருப்பமும்கூட, வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு நரம்பு மண்டலம் தரும் மறுமொழியே என்பது அதன் சாரம். அந்நாளைய அரசு அந்நூலை ஐயத்தோடு நோக்கியது. குருமட மாணவரான பாவ்லவ் அதனைப் படித்தார். 1870இல் குருமடத்தை விட்டு வெளியேறி, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்தார். கணையத்தின் நரம்புகளைப் பற்றி மாணவப் பருவத்திலேயே செய்த ஆய்வுக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. பின்னர் இராணுவ மருத்துவக் கழகத்தில் மருத்துவப் படிப்பையும் முடித்தார். 1883இல் இதய நரம்புகளைப் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்று, 1884 முதல் 1886 வரை ஜெர்மனியில் லைப்சிக் நகரில் கார்ல் லுத்விக், பிரெஸ்லாவில் ருடால்ஃப் ஹைடன்ஹைன் ஆகிய இருபெரும் ஆசிரியர்களிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1881இல் அவர் செரஃபீமா கர்ச்செவ்ஸ்கயா என்னும் ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்ணை மணந்தார். மணவாழ்வின் முதற் பத்தாண்டுகள் கொடிய வறுமையில் கழிந்தன. பெற்ற குழந்தை ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. தங்க இடமின்றிக் கணவரும் மனைவியும் பிரிந்திருந்த காலமும் உண்டு. அவர் நிலைகண்டு இரங்கிய மாணவர்கள், விரிவுரைக்குரிய கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை திரட்டித் தந்ததாகவும், அவர் அதனையும் ஆய்வுக்கு விலங்குகள் வாங்கவே செலவிட்டதாகவும் கூறுவர். அறிவியல் வரலாற்றில் இதனைப் பெருமையாகவே எழுதுவது வழக்கம். வீட்டில் அடுப்பு எரிய வழிதேடிய அம்மையார் இதனை எவ்வாறு ஏற்றார் என்று எவரும் கேட்பதில்லை என்பதையும் ஈண்டுச் சுட்டவேண்டும். ஆழ்ந்த இறைப்பற்று உடையவர் அவர். பாவ்லவோ அப்பற்றை இளமையிலேயே இழந்தவர். ஆயினும் ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அவ்விருவரும் இணைந்து வாழ்ந்தனர்.

1890இல் நாற்பதாம் அகவையில்தான் அவருக்குப் பேராசிரியர் பதவி வாய்த்தது. அடுத்த ஆண்டில், புதிதாக நிறுவப்பெற்ற ஆய்வு மருத்துவ நிறுவனத்தில் உடலியங்கியல் துறையை அமைக்கும் பொறுப்பும் வந்தது. இந்நிறுவனமே இறுதிவரை அவருடைய உழைப்புக்களமாக விளங்கியது.

முழு விலங்கும் நெடுங்காலமும்

பாவ்லவின் முறை யாது என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்பது தகும். அவருக்கு முன்னிருந்த உடலியங்கியலார் பெரும்பாலும் விலங்கைக் கட்டிவைத்து, மயக்கமருந்து கொடுத்து, உடலைத் திறந்து, உறுப்பு இயங்குவதைச் சில மணிநேரம் நோக்குவர்; அத்துடன் விலங்கும் முடிந்துவிடும். குருதி ஒழுகிக்கொண்டும் வேதனையாலும் மருந்தாலும் தளர்ந்தும் கிடக்கும் உயிரியில் காண்பது இயல்பான தொழில் ஆகுமா என்று பாவ்லவ் வினவினார். சிதைக்கப்பட்ட கடிகாரத்தைப் பார்த்து அது மணி காட்டும் முறையை அறிய இயலாது என்பது போன்றதே அவர் கருத்து. அவர் வகுத்த வழி வேறு. முதலில் நோய்நுண்மம் தாக்காத தூய்மையோடு ஓர் அறுவை செய்யவேண்டும்; காயம் ஆறிய பின், விலங்கு நன்கு உண்டு உறங்கி ஓடியாடும் நிலையில், அறுவையால் அமைத்த சிறு வாயில் வழியே உள்ளுறுப்பின் தொழிலை மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் கண்காணிக்கவேண்டும். இதன்பொருட்டு அவர் நிறுவனத்தில், மனிதர்க்குரிய மருத்துவமனையைப் போன்றே அறுவைக்கூடமும் நோய்தேறும் அறைகளும் நாய்களுக்கென அமைக்கப்பெற்றன. அவரோ இருகைகளாலும் விரைந்து அறுவை செய்யும் திறனாளர்.

அவருடைய ஆய்வுகளுள் பொய்யூட்டல் எனப்படுவது புகழ்பெற்றது. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெட்டி, இருமுனைகளையும் தோலோடு பொருத்திவிடுவர். இரைப்பையிலும் ஒரு புழைக்குழாய் பொருத்தப்பட்டிருக்கும். நாய் உண்ணும், உண்டது கழுத்து வழியே வெளியே விழும், இரைப்பைக்கு ஒரு கவளமும் சேராது. ஆயினும் சில நிமிடங்களில் இரைப்பைச் சாறு தெளிந்த நீராகப் பெருகத் தொடங்கும். வேகசு நரம்பை வெட்டிவிட்டால் அப்பெருக்கு நின்றுவிடும். இரைப்பைக்குச் செய்தி கொண்டுசெல்வது நரம்பே என்பது இதனால் ஐயமற விளங்கிற்று. மேலும் அவர், இரைப்பையின் ஒரு பகுதியை நரம்புத் தொடர்பு அறாமல் தனிப்பையாகப் பிரித்தார். அச்சிறுபை, பெரிய இரைப்பையின் தொழிலைக் கண்ணாடிபோல் காட்டியது. ஹைடன்ஹைன் இதற்கு முன்னரே இத்தகைய பை அமைத்திருந்தார். ஆனால் அதில் நரம்புத் தொடர்பு பெரும்பாலும் அறுபட்டிருந்தது. ஆசிரியரின் குறையை மாணவர் நீக்கினார் எனலாம்.

பொய்யூட்டலில் கிடைத்த தூய இரைப்பைச் சாறு, செரியாமைக்கு மருந்தாகப் புட்டிகளில் அடைத்து விற்கப்பட்டது என்பதும், ஆய்வுக்கூடத்திற்கு அதனால் நல்ல வருவாய் கிடைத்தது என்பதும் பலர் அறியாத செய்தி.

செரிமானச் சுரப்பிகளின் தொழில் குறித்த அவருடைய விரிவுரைகள் 1897இல் நூலாயின. 1904இல் அதற்காக நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் ரஷ்யர் அவரே. மாணவச் செல்வங்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். பாவ்லவுக்கு நோபல் பரிசு கிடைத்தது நாம் பாடநூலில் படிக்கும் ஆக்கநிலையிறுத்த ஆய்வுக்காக அன்று. அதற்கு முந்தைய செரிமான ஆய்வுக்காகவே.

துளிகளின் கணக்கு

செரிமான ஆய்வின் ஊடே ஓர் இடையூறு நேர்ந்தது. உணவு வாயில் படுமுன்பே, அதனைக் கண்டவுடன், ஏன், உணவு கொணர்பவரின் காலடி ஓசை கேட்டவுடனேகூட நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. பிறர் இதனை ஆய்வைக் கெடுக்கும் தொல்லையாகக் கருதி ஒதுக்கியிருப்பர். பாவ்லவின் மாணவராகிய வுல்ஃப்சன் இதனைக் கூர்ந்து நோக்கினார். வாயில் மணலைப் போட்டால் அதனைக் கழுவி வெளியேற்ற நீர்த்த உமிழ்நீர் பெருகுகிறது. கூழாங்கற்களைப் போட்டால் சுரப்பு இல்லையெனலாம், ஏனெனில் நாவே அவற்றைத் தள்ளிவிடும். உலர்ந்த உணவுக்கு மிகுதியான நீர் சுரக்கிறது. வியப்பு யாதெனில், இப்பொருள்களைத் தொலைவில் காட்டினாலும் இதே வேறுபாடு தோன்றியது.

இதற்கு விளக்கம் யாது? ஸ்னார்ஸ்கி என்னும் மற்றொரு மாணவர், நாய் நினைக்கிறது, விரும்புகிறது, எதிர்பார்க்கிறது என்று மனிதமனத்தின் மொழியில் விளக்கினார். பாவ்லவ் நெடுநாள் தயங்கினார். பின் அவ்விளக்கத்தை மறுத்தார். நாயின் உள்ளத்திற்குள் நாம் புகுந்து பார்க்க இயலாது. அது விரும்பிற்று என்று சொல்வதை எவ்வாறு சரிபார்ப்பது? இரு ஆய்வாளர் முரண்பட்டால் எவர் கூற்று மெய் என்று எப்படித் தீர்ப்பது? துளியை எண்ணினால் இருவர் எண்ணிக்கையும் ஒத்துவரும். இக்கருத்து வேறுபாட்டால் ஆசிரியரும் மாணவரும் பிரிந்தனர். அதன்பின் ஆய்வுக்கூடத்தில் நாய் எண்ணிற்று, நாய் அறிந்தது என்று பேசுவதையே பாவ்லவ் தடைசெய்தார். மீறினவர்க்குத் தண்டம் விதித்தார் என்றும் கூறுவர். கடுமையாகத் தோன்றினும், மூளையும் நடத்தையும் பற்றிய ஆய்வு முறையின் வரலாற்றில் இது ஒரு பெருந்திருப்பம் என்பது எம் துணிபு. 1902இல் ஹெல்சிங்கி மாநாட்டில் அவர் மாணவர் தொலச்சினவ் இப்புதிய அனிச்சைச் செயலை அறிவித்தார். 1903இல் மாட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் பாவ்லவே அதனைப் பற்றி உரையாற்றினார்.

ஆய்வு நடந்த விதம் இது. நாயின் உமிழ்நீர்க் குழாயின் வாயைச் சிறு அறுவையால் கன்னத்தின் வெளிப்புறம் திருப்பிப் பொருத்துவர். ஊறும் நீர் வாய்க்குள் செல்லாமல் வெளியே ஒட்டிய குழலில் விழும். நாய் ஒரு மேடையில் தளர்ந்த வார்களிடையே நிற்கும். ஓர் ஒலி எழும். சில நொடிகள் கழித்து இறைச்சிப் பொடி வரும். இவ்வாறு பலமுறை இணைத்த பின், உணவின்றி ஒலி மட்டும் எழுந்தாலும் துளிகள் விழும். உணவே தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் துளிகள் குறைந்து அற்றுப்போகும். எனினும் சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒலித்தால் துளிகள் ஓரளவு திரும்பவும் தோன்றும். கற்றது அழியவில்லை, தடுக்கப்பட்டே இருந்தது என்று இதிலிருந்து அவர் முடிவு கட்டினார். எண்ணிக்கை மட்டுமே தரும் ஒரு கருவியிலிருந்து, தடை என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அனுமானித்த இடம் இது. எமக்கு அவருடைய ஆய்வுகளுள் மிகவும் பிடித்தது இதுவே.

கைமணி ஒன்றை ஆட்டிக்கொண்டு நிற்கும் பாவ்லவின் படத்தைப் பாடநூல்களில் பார்த்திருப்போம். உண்மையில் அவர் பெரிதும் பயன்படுத்தியவை தாளக்கருவியாகிய மெட்ரனோம், ஆர்மோனியம், மின்சார ஒலிப்பான், ஒளி, தோலைத் தொடும் கருவி போன்றவை. அளவை மாற்றவும், அதே அளவில் திரும்பச் செய்யவும் இயல்வனவற்றையே அவர் நாடினார். நிமிடத்திற்கு 100 முறை தட்டும் மெட்ரனோமுக்கு உணவு, 96 முறை தட்டுவதற்கு உணவில்லை என்று பழக்கினால், நாய் அவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தது. நாயிடம் வாய்மொழி வினா எழுப்பாமலே அதன் செவியின் நுண்மையை அளக்க முடிந்தது!

பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகைத் துலங்கலுக்குப் பாவ்லவ் இட்ட ரஷ்யச் சொல், நிபந்தனையைச் சார்ந்த அனிச்சைச் செயல் என்று பொருள்படும். இன்ன நிலைமைகள் அமைந்தால் மட்டும் தோன்றும், அமையாவிடில் மறையும் என்பது கருத்து. ஆங்கிலத்தில் அது பக்குவப்படுத்தப்பட்டது என்னும் பொருள்பட மாறிற்று. நம் கல்வி உளவியல் நூல்கள் ஆங்கிலத்தைப் பின்பற்றி ஆக்கநிலையுற்ற துலங்கல் என்றன. ரஷ்யச் சொல்லில் இருந்த நிலையாமைக் குறிப்பு, இருமுறை மொழிபெயர்ந்து நம்மிடம் வந்துசேரும்போது நழுவிவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் கருதுவாராக.

மற்றொரு செய்தி சுவையானது. உதவியாளர் ஒருவர் நாயைப் பழக்கிவிட்டு, பாவ்லவை மகிழ்ச்சியோடு அழைத்துக் காட்டுவார். அவர் அறைக்குள் நுழைந்ததும் துளி விழாது. புதியவர் வந்தார் என்று நாய் செவி நிமிர்த்தி நோக்கியதே காரணம். அவர் அதனையும் ஓர் அனிச்சைச் செயலாகவே கண்டு, ஆய்ந்தறியும் அனிச்சைச் செயல் என்றார். ஆய்வாளன் அங்கு இருப்பதே ஆய்வைக் கெடுக்கிறது என்பது விளங்கியபின், நாயும் மனிதனும் தனித்தனி அறைகளில் இருக்கும்படி, தடித்த சுவர்களோடும் சுற்றிலும் அகழியோடும் ஒரு கட்டடம் எழுப்ப 1910 முதல் முயன்றார். மாஸ்கோவின் லெதென்த்சவ் கழகம் பொருளுதவி செய்தது. அமைதிக் கோபுரம் என அது பெயர் பெற்றது. போரும் புரட்சியும் குறுக்கிட்டமையால் அதன் பணி இழுபறியாயிற்று.

1914இல் ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகவா என்னும் பெண் ஆய்வாளர் செய்த சோதனை எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. வட்டத்தைக் கண்டால் உணவு, நீள்வட்டத்தைக் கண்டால் இல்லை என்று ஒரு நாய் பழக்கப்பட்டது. நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒக்குமாறு செய்தனர். அச்சுகளின் விகிதம் 9:8 என வந்தபோது நாயால் வேறுபாடு காண இயலவில்லை. மூன்று வாரங்கள் முயன்றபின் அதுவரை அடக்கமாக நின்ற நாய் ஊளையிட்டது. கருவிகளைக் கடித்துப் பிய்த்தது. முன்பு எளிதாகச் செய்ததையும் மறந்தது. மனநோய் என்று நாம் கூறுவதன் ஒரு சாயல், அடியோ பட்டினியோ இன்றி, தீர்க்கவியலாத ஓர் ஐயத்தினாலேயே நாயிடம் தோன்றிவிட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின் இயற்கையே இச்சோதனையை நடத்தியது. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. கூண்டுகளுள் இருந்த நாய்கள் மூக்களவு நீரில் தத்தளித்தன. பணியாளர்கள் அவற்றை நீருக்குள் அமிழ்த்தி வாயில் வழியே இழுத்து மீட்டனர். பிழைத்த நாய்களுள் சில, கற்றவற்றை எல்லாம் இழந்திருந்தன. மாதங்கள் கழித்துத் தேறிய நாய் ஒன்றின் அறைக் கதவின் கீழே சிறிது நீரை வழியவிட்டபோது, அது மீண்டும் நடுங்கிக் கலங்கிற்று. அச்சத்தின் வடு நரம்பில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பாவ்லவ் முதுமையில் இவ்வாறே கற்றார். எல்லா நாய்களும் ஒன்றுபோல் பாதிக்கப்படவில்லை என்பது அவரை மேலும் ஈர்த்தது. இப்போக்குரிராத்தஸ் காலத்து நால்வகை இயல்புகளை நாய்களிடம் தேடும் ஆராய்ச்சியில் இறங்கினார். அவ்வகைப்பாடு காலத்தால் நிலைபெறவில்லை.

ஆட்சியும் அறிஞரும்

1917இன் புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகளில் பெத்ரோகிராடு பட்டினியில் வாடியது. நாய்கள் ஒவ்வொன்றாக இறந்தன. நோபல் பரிசுத் தொகையும் போயிற்று. எழுபது வயது அறிஞர் தம் கையால் காய்கறி பயிரிட்டு உண்டார். 1920இல் நாட்டை விட்டு வெளியேற இசைவு கேட்டு அரசுக்கு எழுதினார். உலகறிந்த அறிஞர் வெளியேறினால் புதிய ஆட்சிக்கு இழுக்கு என்பதை லெனின் உணர்ந்தார். 1921 சனவரி 24 அன்று, பாவ்லவுக்கும் அவர் ஆய்வுக்கும் வேண்டிய அனைத்தையும் செய்யுமாறு ஆணை பிறந்தது. எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் தலைமையில் அதற்கென ஒரு குழுவும் அமைந்தது.

உதவியைப் பெற்றவர் வாயை மூடவில்லை. பொதுமேடைகளில் மார்க்சியக் கோட்பாட்டைக் கண்டித்தார். குருமார்களின் மக்கள் என்னும் காரணத்தால் மாணவர்கள் இராணுவ மருத்துவக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டபோது, தாமும் ஒரு குருவின் மகனே என்று கூறி 1924இல் அங்குத் தாம் வகித்த பேராசிரியர் பதவியைத் துறந்தார். அவர் சமயப்பற்று அற்றவர் என்பதை முன்பே கூறினோம். தமக்கில்லாத பற்றின்பொருட்டுப் பிறர் ஒடுக்கப்படுவதை அவர் பொறுக்கவில்லை. 1934 டிசம்பரில், கிரோவ் கொலைக்குப் பின் கைதுகள் பெருகியபோது, அச்சத்தை விதைக்கும் ஆட்சி மக்களை அடிமைகளாக்கும் என்று அரசின் தலைமைக்கே கடிதம் எழுதினார். அப்படி எழுதிய பிறர் பலர் உயிரோடு மீளவில்லை.

ஆனால் அவரை அப்பழுக்கற்ற வீரராகவும் நாம் காட்டலாகாது. அதே அரசு அவருக்காகக் கொல்துஷி சிற்றூரில் ஆய்வு நகர் ஒன்றையே எழுப்பியது. 1935 ஆகஸ்டில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் கூடிய பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டில் அவர் அரசைப் பாராட்டியே பேசினார். ஹிட்லரின் எழுச்சி அவர் மனத்தை மாற்றிற்று என்பர் சிலர். முதுமையும் நன்றியும் என்பர் வேறு சிலர்.

கூறாமல் விடலாகாத மற்றொன்றும் உண்டு. அவர் மாணவராகிய குழந்தை மருத்துவர் கிரஸ்னகோர்ஸ்கி, உமிழ்நீர்த் துளியை எண்ணும் இம்முறையைக் குழந்தைகளிடமும் கையாண்டார். புதோவ்கின் 1926இல் எடுத்த மூளையின் இயக்கம் பற்றிய திரைப்படத்தில் அக்காட்சிகள் இடம்பெற்றன. தம் உடலின்மேல் நடப்பதற்கு இசையவோ மறுக்கவோ இயலாத சிறார் அவர்கள். இன்றைய ஆய்வு நெறிகள் இதனை ஒருபோதும் ஒப்பா. நாய்களின் துன்பத்தைப் பாவ்லவ் உணர்ந்தே இருந்தார். அவர் கருத்துப்படி ஆய்வு மருத்துவ நிறுவன வளாகத்தில் 1935இல் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டு, மனித குலத்திற்கு அது செய்த தொண்டு கல்லில் பொறிக்கப்பட்டது. அவர் குறிப்பேடுகளில் நாய்கள் எண்களாக அன்றிப் பெயர்களோடே காணப்படுகின்றன. குழந்தைகளுக்குச் சிலை இல்லை.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் கருத்து மொழியின்மேல் சென்றது. ஒளியும் ஒலியும் உலகைப் பற்றிய முதல் அடையாளங்கள், சொல்லோ அவ்வடையாளங்களின் அடையாளம், மனிதனுக்கே உரியது. இதனை இரண்டாம் அடையாள மண்டலம் என்றார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் புளியங்காய் என்று படித்தபோது நாவூறியதே, அது காயின் விளைவன்று, எழுத்தின் விளைவு. தமிழ் பயில்வோர் பாவ்லவைப் படிக்கவேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அவர் இதனை விரித்தெழுதக் காலம் இடந்தரவில்லை.

அவர் கூறியன எல்லாம் நிலைத்தனவா எனில் இல்லை. எந்த அடையாளத்தையும் எந்தத் துலங்கலோடும் இணைக்கலாம் என்று அவர் கருதினார். 1966இல் அமெரிக்க அறிஞர் ஜான் கார்சியா, எலிகள் வயிற்று நோயைச் சுவையோடு எளிதில் இணைக்கின்றன, ஒளியோடும் ஒலியோடும் அவ்வாறு இணைப்பதில்லை என்று காட்டினார். கற்றல் நிகழும் இடம் பெருமூளைப் புறணியே என்பது பாவ்லவின் உறுதி. 1980களில் ரிச்சர்டு தாம்சன் குழுவினர், முயல் கண்ணிமைப்பதைக் கற்பதற்குச் சிறுமூளையே இன்றியமையாதது என்று நிறுவினர். புறணியில் கிளர்ச்சியும் தடையும் அலைபோல் பரவுகின்றன என்று அவர் எழுதியவை பெரிதும் ஊகங்களே. மூளைக்குள் அவர் நேரே பார்த்தவர் அல்லர். துளிகளை மட்டுமே பார்த்தவர். ஆயினும் கார்சியாவும் தாம்சனும் அவரைத் திருத்தக் கையாண்டது, அடையாளத்தையும் விளைவையும் இணைத்துத் துலங்கலை அளக்கும் அவரது முறையையே. கடல்நத்தையின் நரம்பணுக்களில் நினைவின் வேதியியலைக் கண்டு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்குபெற்ற எரிக் கான்டலும் அம்முறையையே எடுத்தாண்டார்.

பாவ்லவ் 1936 பிப்ரவரி 27 அன்று நுரையீரல் அழற்சியால் லெனின்கிராடில் காலமானார். அகவை 86. முந்தைய ஆண்டில்தான் மகன் விசெவலதைப் பறிகொடுத்திருந்தார். அரசு மரியாதையோடு வோல்கவ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாழ்ந்த காலத்தில் எவர்க்கும் வளையாதவரின் பெயரை, மறைந்தபின் ஆட்சி தன் கைத்தடியாக்கிக் கொண்டது. 1950இல் ஸ்டாலின் ஆதரவோடு மாஸ்கோவில் கூடிய அறிவியல் கழகங்களின் கூட்டமர்வு, பாவ்லவின் கொள்கையிலிருந்து வழுவினர் என்று உடலியங்கியலார் பலரைக் குற்றஞ்சாட்டியது. தம் கருத்தையே துளி எண்ணிக்கை பொய்ப்பித்தால் மாற்றிக்கொண்ட ஆசிரியரின் பெயரால், கருத்து மாற்றம் குற்றமாக்கப்பட்டது. விந்தையிலும் விந்தை, குற்றஞ்சாட்டப்பட்டோருள் முதன்மையானவர் பாவ்லவின் மாணவரும் அவருக்குப்பின் அவர் நிறுவனங்களை நடத்தியவருமான லியோன் ஓர்பெலி. அவர் பதவிகள் பறிக்கப்பட்டன. 1953இல் ஸ்டாலின் இறந்தபின் நிலை தளர்ந்தது. 1956இல் ஓர்பெலியின் தலைமையில் லெனின்கிராடில் ஒரு புதிய ஆய்வு நிறுவனம் தோன்றியது. ரியாசான் குருமடத்து மாணவன் ஒருவனை ஆய்வுக்கூடத்திற்கு ஈர்த்த நூலின் ஆசிரியராகிய சேச்சனவின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பெற்றது.